அயலும் அண்மையும்: வட கரோலினா முக்கோணத்துப் பல்கலைக்கழகங்களின் போட்டியும் கூட்டுறவும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வட கரோலினா மாநிலத்தில் டியூக் பல்கலைக்கழகம், சாப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினாப் பல்கலைக்கழகம், ராலே நகரில் உள்ள வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று அண்மையில் அமைந்துள்ளன. மாணவர், பேராசிரியர், நிதி, விளையாட்டு ஆகியவற்றில் கடும் போட்டியாளர்களான இவை, 1930கள் முதல் நூலகம், புள்ளியியல், அணுக்கரு இயற்பியல், கணினி, மானுடப் புலங்கள் ஆகியவற்றில் கூட்டுறவும் பேணி வந்துள்ளன. இக்கூட்டுறவுகளுள் சில நீடித்தமைக்கும் சில கலைந்தமைக்கும் உரிய காரணங்களை இக்கட்டுரை விளக்குகிறது. அதே டர்ஹாம் நகரில் இருந்தும் நெடுங்காலம் இக்கூட்டுறவுக்குப் புறத்தே நிறுத்தப்பட்ட வட கரோலினா சென்ட்ரல் பல்கலைக்கழகத்தின் வரலாற்றைக் கொண்டு, கல்விக் கூட்டுறவை மதிப்பிடுவதற்குரிய அளவுகோல் எது என்பதையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அயல், பல்கலைக்கழகக் கூட்டுறவு, நூலகப் பகிர்வு, ஆய்வு முக்கோணம், இனப்பாகுபாடு, உயர்கல்வி வரலாறு.

1. முன்னுரை

'அயல்' என்னும் தமிழ்ச்சொல் இருவேறு பொருள்களைத் தன்னுள் கொண்டது. சொல்லின் இறுதி எழுத்தை அடுத்து முன்னிற்பதை 'ஈற்றயல்' என வழங்குவது இலக்கண மரபு. இங்கு அயல் என்பது மிக நெருங்கிய அண்மையைக் குறிக்கிறது. 'அயலார்' என்னும்போதோ அச்சொல் பக்கத்து வீட்டாரையும் சுட்டும். உறவல்லாத பிறரையும் சுட்டும். அருகில் இருத்தலும் வேறாக இருத்தலும் ஒரே சொல்லில் அடங்கிய இந்நிலை, அண்டைப் பல்கலைக்கழகங்களின் உறவை விளக்கப் பெரிதும் பொருந்துவதாகும்.

தொலைவிலுள்ள இரு பல்கலைக்கழகங்கள் உடன்பாடு செய்துகொள்வது எளிது. அவை ஒரே மாணவரை நாடுவதில்லை. ஒரே சட்டமன்றத்தின் நிதியையோ ஒரே நகரத்துச் செல்வரின் கொடையையோ எதிர்பார்ப்பதுமில்லை. அண்டைப் பல்கலைக்கழகங்களுக்கு இவை அனைத்தும் பொதுவானவை. எனவே போட்டிக்குரிய காரணங்கள் எவையோ அவையே கூட்டுறவுக்குரிய வாய்ப்புகளாகவும் அமைகின்றன. இவ்விரு தன்மைகளும் ஒருங்கே நெடுங்காலம் இயங்கிய களமாக வட கரோலினாவின் 'ஆய்வு முக்கோணம்' விளங்குகிறது.

2. மூன்று பல்கலைக்கழகங்களும் அவற்றின் போட்டியும்

மூன்றனுள் மூத்தது சாப்பல் ஹில். 1789இல் பட்டயம் பெற்று 1795இல் வகுப்புகளைத் தொடங்கிய அது, அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகங்களுள் முதன்முதலில் மாணவருக்குப் பாடம் நடத்தியதாகும். ராலேயின் மாநிலப் பல்கலைக்கழகம் 1887இல் வேளாண்மை, பொறியியல் ஆகியவற்றைக் கற்பிக்கும் நிலக்கொடைக் கல்லூரியாகத் தோன்றியது. மூன்றாவதான டியூக் தனியார் நிறுவனம். டிரினிட்டி கல்லூரி என்னும் பெயரில் இயங்கி 1892இல் டர்ஹாம் நகருக்கு இடம்பெயர்ந்த அது, 1924இல் புகையிலை, மின்னுற்பத்தித் தொழில்களால் பெருஞ்செல்வம் ஈட்டிய ஜேம்ஸ் பி. டியூக் நிறுவிய 4 கோடி டாலர் அறக்கொடையைத் தொடர்ந்து பல்கலைக்கழகமாயிற்று.

டர்ஹாமுக்கும் சாப்பல் ஹில்லுக்கும் இடையே ஏறத்தாழ 10 மைல் தொலைவே உள்ளது. ராலே ஏறத்தாழ 25 மைல் தொலைவில் அமைந்துள்ளது. நூற்றாண்டுப் பழமையுடைய அரசுப் பல்கலைக்கழகத்தின் அருகே பெருநிதியுடன் தனியார் பல்கலைக்கழகம் ஒன்று எழுந்தபோது போட்டி தவிர்க்க இயலாததாயிற்று. டியூக்கும் சாப்பல் ஹில்லும் மோதும் கூடைப்பந்தாட்டம் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் மிகப் புகழ்பெற்ற பகைமைகளுள் ஒன்று. அப்பகைமை இரு நிறுவனங்களின் தன்னடையாளத்தோடு பிணைந்தது. பழைய மாணவரின் பற்றும் கொடையும் அதனால் ஊக்கம் பெறுகின்றன. அதனை அகற்ற எவரும் முயன்றதில்லை என்பது நோக்கத்தக்கது. 2000ஆம் ஆண்டில் ஜூலியன் ராபர்ட்சன், அவர்தம் துணைவியார் ஆகியோர் 2 கோடியே 40 இலட்சம் டாலர் வழங்கி ஒரு கூட்டுப் புலமைத்தொகைத் திட்டத்தைத் தொடங்கினர். அதன்படி ஒரு வளாகத்தில் பயிலும் மாணவர் மற்ற வளாகத்திலும் பயில்வர். இரு வளாகங்களையும் இணைக்கப் பேருந்தும் ஓடத் தொடங்கியது. பேருந்து வந்தபின்னும் கூடைப்பந்தாட்டப் பகைமை குன்றவில்லை. போட்டி ஒழிந்த பின்னரே கூட்டுறவு பிறக்கும் என்னும் கருத்துக்கு இவ்வரலாறு இடந்தரவில்லை.

3. நூலகக் கூட்டுறவு: வாங்காமை என்னும் உடன்பாடு

முக்கோணக் கூட்டுறவுகளுள் மிகப் பழையதும் நெடுநாள் நிலைத்ததும் நூலகக் கூட்டுறவே ஆகும். 1930களின் பொருளாதாரப் பெருமந்தம் பல்கலைக்கழக நூலகங்களின் நூல் வாங்கும் ஆற்றலைக் கடுமையாகக் குறைத்தது. இச்சூழலில் 1933இல் டியூக் பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் பிரெஸ்டன் ஃபியூவும் வட கரோலினாப் பல்கலைக்கழகத் தலைவர் ஃபிராங்க் போர்ட்டர் கிரகாமும் அறிவுசார் கூட்டுறவுக்கென ஒரு கூட்டுக்குழுவை அமைத்தனர். அதன் வழியாக இரு நூலகங்களும் தத்தம் நூற்பட்டியல் அட்டைகளை ஒன்றோடொன்று பரிமாறிக்கொண்டன. டியூக் நூலகத்தில் இருக்கும் ஆய்வாளர் தமக்கு வேண்டிய நூல் சாப்பல் ஹில்லில் உண்டா என்பதை அங்குச் செல்லாமலே அறியும் நிலை ஏற்பட்டது.

பட்டியலைப் பகிர்வது தொடக்கமே. அடுத்த படி இன்னும் கடினமானது. யார் எதை வாங்குவது என்பதோடு, யார் எதை வாங்காமல் விடுவது என்பதையும் அவை முடிவு செய்தன. இதற்குச் சிறந்த சான்று இலத்தீன் அமெரிக்க நூல்களின் பங்கீடு. 1940ஐ ஒட்டி நியூ ஆர்லியன்ஸ் நகரத்துத் துலேன் பல்கலைக்கழகத்தையும் சேர்த்துக்கொண்டு இப்பங்கீடு வகுக்கப்பட்டது. பிரேசிலும் பெரு, பொலிவியா முதலிய ஆண்டிய நாடுகளும் டியூக்கின் பொறுப்பாயின. அர்ஜென்டினா, சிலி முதலிய தென்முனை நாடுகள் சாப்பல் ஹில்லின் பொறுப்பாயின. மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் துலேனுக்கு உரியவாயின.

இப்பங்கீட்டின் உட்பொருள் ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஒரு பல்கலைக்கழகத்தின் பெருமை அதன் நூலகத் தொகுதியின் பரப்பால் அளக்கப்படுகிறது. அத்தகைய சூழலில் அர்ஜென்டினா பற்றிய நூல்களைப் பெருக்குவதில்லை என்று டியூக் முடிவு செய்வது, தன் பேராசிரியர் தம் ஆய்வுக்காகப் போட்டியாளரின் வாயிலுக்குச் செல்ல வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்வதாகும். அப்பேராசிரியர் அங்கு வரவேற்கப்படுவார், அந்நூல் அடுத்த தலைமுறையிலும் அங்கு இருக்கும் என்னும் நம்பிக்கை இன்றி இம்முடிவை எடுக்க இயலாது. ஒரு முறை வாங்காமல் விட்ட அயல்நாட்டு இதழின் பழைய தொகுதியைப் பின்னர்த் தேடிப் பெறுதல் அரிது. ஆதலால் உடன்பாட்டை முறிப்பவர்க்கும் இழப்பு நேரும். ஒவ்வோர் ஆண்டும் இரு தொகுதிகளும் ஒன்றையொன்று நிறைவு செய்யும் வகையில் வளர, பிரிவதற்குரிய விலையும் உயர்ந்துகொண்டே சென்றது. இக்கூட்டுறவு பல துணைவேந்தர்களின் பதவிக்காலங்களைக் கடந்து நின்றமைக்கு இதுவே அடிப்படைக் காரணம் எனலாம். ராலேயின் நூலகம் 1970களின் பிற்பகுதியில் இதில் இணைந்தது. இவ்வமைப்பு இன்று முக்கோண ஆய்வு நூலக வலையமைப்பு என்னும் பெயரில் இயங்கி வருகிறது.

4. புள்ளியியல்: ஒரு துறை, இரு வளாகங்கள்

சாப்பல் ஹில்லும் ராலேயும் ஒரே அரசின் கீழ் இயங்குபவை. 1931ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அவ்விரண்டும் கிரீன்ஸ்பரோவிலிருந்த மகளிர் கல்லூரியும் ஒரே நிருவாகத்தின் கீழ்க் கொணரப்பட்டன. அதன் விளைவாகச் சாப்பல் ஹில்லின் பொறியியல் கல்வி ராலேக்கு மாற்றப்பட்டது. செலவைக் குறைத்த அம்மாற்றம் சாப்பல் ஹில்லில் கடும் எதிர்ப்பைத் தோற்றுவித்தது. மேலிருந்து விதிக்கப்படும் பங்கீட்டில் இழந்தவர் இழந்தவராகவே எஞ்சுவர் என்பதற்கு இது சான்று.

இதற்கு மாறான இயல்புடையது 1940களில் இரு வளாகங்களுக்கும் பொதுவாக அமைந்த புள்ளியியல் நிறுவனம். ராலேயில் கெர்ட்ரூட் காக்ஸ் அம்மையார் வேளாண் சோதனைகளை ஒட்டிய பயன்பாட்டுப் புள்ளியியலை வளர்த்தார். சாப்பல் ஹில்லில் ஹெரால்டு ஹோட்டலிங் கணிதப் புள்ளியியலை வளர்த்தார். ஒரே துறையின் கோட்பாடும் பயன்பாடும் இரு ஊர்களில் வளர்ந்தமையால் எவரும் எவருடைய இடத்தையும் பறிக்கவில்லை. வயலில் எழுந்த வினா கணிதத்துக்குச் சென்றது, கணிதம் கண்ட விடை வயலுக்கு மீண்டது.

கொல்கத்தாவில் பிரசாந்த சந்திர மகலனோபிசுடன் பணியாற்றிய ராஜ் சந்திர போஸ் 1949இல் சாப்பல் ஹில்லில் பேராசிரியரானார். அவர் சரத்சந்திர ஷ்ரிகண்டே, எர்னஸ்ட் பார்க்கர் ஆகியோருடன் இணைந்து, இலத்தீன் சதுரங்கள் பற்றி ஆய்லர் கூறியிருந்த கணிப்பு தவறென 1959இல் நிறுவினார். வேளாண் சோதனைகளின் வடிவமைப்புக்குப் பயன்பட்ட கருத்தே தூய கணிதத்தின் பழைய சிக்கல் ஒன்றையும் அவிழ்த்தது. கோட்பாட்டையும் பயன்பாட்டையும் அருகருகே பேணிய சூழலின் இயல்பான விளைவாக இதனைக் கருதலாம்.

5. எவர்க்கும் தனியுரிமையற்ற நிலம்

1950களில் வட கரோலினா, தனிநபர் வருமானத்தில் அமெரிக்க மாநிலங்களுள் கடைநிலைக்கு அருகில் இருந்தது. புகையிலை, நெசவு, அறைகலன் ஆகிய குறைந்த ஊதியத் தொழில்களே அங்கு மிகுந்திருந்தன. மூன்று பல்கலைக்கழகங்களும் பட்டதாரிகளை உருவாக்க, அவர்கள் வேலை தேடிப் பிற மாநிலங்களுக்குச் சென்றனர். மூன்று நிறுவனங்களுக்கும் நடுவில் ஆய்வுத் தொழிற்பூங்கா ஒன்றை அமைக்கும் எண்ணம் இச்சூழலில் எழுந்தது. கட்டட ஒப்பந்தக்காரரான ரோமியோ கெஸ்ட் அதனை முன்மொழிந்தார். ஆளுநர் லூதர் ஹாட்ஜஸ் அதனை ஏற்று ஊக்குவித்தார். சாப்பல் ஹில்லின் சமூகவியல் பேராசிரியர் ஜார்ஜ் சிம்ப்சன் அதற்கான பணிகளை ஒருங்கிணைத்தார்.

இத்திட்டம் முதலில் இலாப நோக்குடைய நில முதலீடாகவே தொடங்கப்பட்டது. மாநிலத்துச் செல்வர் பங்குகளை வாங்கத் தயங்கினர். தனியாரின் நில வாணிகத்துக்குப் பல்கலைக்கழகத்தின் பெயர் பயன்படுவது பொருந்துமா என்னும் ஐயமும் இருந்தது. வங்கியாளர் ஆர்ச்சி டேவிஸ் இதற்குத் தீர்வு கண்டார். பங்கு விற்பனையைக் கைவிட்டு, மாநிலத்தின் நலன் கருதி நன்கொடை கேட்பதே தக்கது என அவர் கருதினார். சில மாதங்களில் 14 இலட்சம் டாலருக்கு மேல் திரண்டது. 1959 ஜனவரியில் இலாப நோக்கற்ற அறக்கட்டளையின் பொறுப்பில் ஆய்வு முக்கோணப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அதற்குச் சற்று முன்னர், மூன்று பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஒப்பந்த ஆய்வு மேற்கொள்ளும் தனி நிறுவனம் ஒன்றையும் தோற்றுவித்தன. அதன் புள்ளியியல் பிரிவுக்குக் கெர்ட்ரூட் காக்ஸ் பொறுப்பேற்றார். தொடக்க ஆண்டுகளில் பூங்காவின் வளர்ச்சி மந்தமாக இருந்தது. 1965இல் ஐ.பி.எம். நிறுவனம் அங்கு வருவதாக அறிவித்த பின்னரே அது வேகம் பெற்றது.

நிலம் எந்தப் பல்கலைக்கழகத்தின் வளாகத்திலும் இல்லாமையே இத்திட்டத்தின் வலிமை. ஒருவரது வளாகத்தில் அமைந்திருப்பின் மற்ற இருவரும் விருந்தினராக மட்டுமே இருந்திருப்பர். இக்கொள்கை மானுடப் புலங்களுக்கும் விரிந்தது. 1975இல் பூங்காவுக்குள் 120 ஏக்கர் நிலம் மூன்று பல்கலைக்கழகங்களின் கூட்டு முயற்சிகளுக்கென ஒதுக்கப்பட்டது. 1978இல் தேசிய மானுடப் புலங்கள் மையம் அங்குத் திறக்கப்பட்டது. மொழி, இலக்கியம், வரலாறு, மெய்யியல் ஆகிய துறைகளின் அறிஞர் பல நாடுகளிலிருந்தும் அங்கு வந்து தங்கி ஆய்வு செய்கின்றனர். அவர்களுக்கு வேண்டிய நூல்களை மேற்கூறிய பல்கலைக்கழக நூலகங்கள் அளிக்கின்றன. 1933இல் இடப்பட்ட வித்து அரை நூற்றாண்டுக்குப் பின் வேறொரு நிறுவனத்துக்கும் நிழல் தந்தது.

6. கருவிப் பகிர்வு: நிலைத்ததும் கலைந்ததும்

1965ஐ ஒட்டி இரு கருவிப் பகிர்வுகள் தோன்றின. அவற்றின் பிற்கால வரலாறு ஒப்பிடத்தக்கது.

முதலாவது முக்கோணப் பல்கலைக்கழகங்களின் அணுக்கரு ஆய்வகம். துகள்முடுக்கிகளைக் கொண்ட இவ்வாய்வகம் டியூக் வளாகத்தில் அமைந்தது. ஆயினும் மூன்று பல்கலைக்கழகங்களின் பேராசிரியரும் மாணவரும் அங்கு ஒன்றாகப் பணியாற்றினர். மாணவர் தத்தம் பல்கலைக்கழகத்திலேயே பட்டம் பெற்றனர். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியே அத்தகைய முடுக்கியை நிறுவி இயக்குவது நடைமுறைக்கு ஒவ்வாது. இவ்வாய்வகம் இன்றும் இயங்குகிறது.

இரண்டாவது முக்கோணப் பல்கலைக்கழகங்களின் கணினி மையம். பெருங்கணினி ஒன்றின் விலையைத் தனியொரு பல்கலைக்கழகம் தாங்குவது அரிதாக இருந்த காலத்தில் மூன்றும் சேர்ந்து பூங்காவில் ஒரு கணினியை நிறுவிப் பயன்படுத்தின. கணினியின் விலை குறைந்து ஒவ்வொரு துறையும் தனக்கெனக் கணினி வாங்கும் காலம் வந்தபோது அம்மையத்தின் தேவை மறைந்தது. 1990ஐ ஒட்டி அது முடிவுக்கு வந்தது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெளிவானது. கணினி மையம் செலவைப் பகிர்ந்தது. செலவு குறைந்ததும் பகிர்வும் நின்றது. அணுக்கரு ஆய்வகம் செலவோடு ஆய்வாளரையும் ஆய்வு வினாக்களையும் ஒன்று சேர்த்தது. நூலகம் அதற்கும் மேலாகத் தொகுதிகளையே ஒன்றையொன்று சார்ந்தனவாக ஆக்கியது. ஆகவே கூட்டுறவின் நீடிப்பு, பகிரப்படும் பொருளின் விலையைக் காட்டிலும் பகிர்வோரின் சார்புநிலையைப் பொறுத்தது எனலாம்.

நிருவாக உடன்பாடு எதுவுமின்றி எழுந்த கூட்டுறவும் இங்கு உண்டு. 1979இல் டியூக்கின் ஆய்வு மாணவர்களான டாம் டிரஸ்கட், ஜிம் எல்லிஸ் ஆகியோரும் சாப்பல் ஹில்லின் ஸ்டீவ் பெல்லோவினும் இரு வளாகக் கணினிகளைத் தொலைபேசி வழியே இணைத்துச் செய்திகளைப் பரிமாறும் முறை ஒன்றை வகுத்தனர். 'யூஸ்நெட்' எனப் பெயர்பெற்ற அம்முறை பின்னர் உலகெங்கும் பரவி, இணையவழி உரையாடலின் முன்னோடிகளுள் ஒன்றாயிற்று. அண்மை வழங்கும் பயன்கள் அனைத்தும் ஒப்பந்தத்தில் எழுதப்படுவனவல்ல என்பதற்கு இது சான்றாகிறது.

7. நான்காவது அயலார்

இதுவரை கூறியது மூன்று பல்கலைக்கழகங்களின் வரலாறு. டர்ஹாம் நகரிலேயே, டியூக்குக்குச் சில மைல் தொலைவில், நான்காவது நிறுவனம் ஒன்றும் இருந்தது. ஜேம்ஸ் ஷெப்பர்டு என்னும் கறுப்பினக் கல்வியாளர் நிறுவிய பள்ளி ஒன்று 1910இல் அங்குத் திறக்கப்பட்டது. 1920களில் மாநில அரசு அதனைத் தன் பொறுப்பில் ஏற்றது. 1925 முதல் அது கறுப்பின மக்களுக்கான வட கரோலினாக் கல்லூரியாக இயங்கியது. அந்நிறுவனமே இன்றைய வட கரோலினா சென்ட்ரல் பல்கலைக்கழகம்.

டியூக்கும் சாப்பல் ஹில்லும் அறிவுசார் கூட்டுறவுக்குழுவை அமைத்த அதே 1933ஆம் ஆண்டில், இக்கல்லூரியின் பழைய மாணவரான தாமஸ் ஹோக்கட் சாப்பல் ஹில்லின் மருந்தியல் பள்ளியில் சேர்க்கை கோரி டர்ஹாம் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். நிறத்தின் காரணமாகவே அவருக்கு இடம் மறுக்கப்பட்டிருந்தது. அவருடைய கல்விச் சான்றுகளை அனுப்ப ஷெப்பர்டு உடன்படவில்லை. சட்டமன்றத்தின் நிதியை நம்பியே அவர்தம் கல்லூரி உயிர்வாழ்ந்தது என்பதை இங்கு மறத்தல் இயலாது. வேண்டிய சான்றுகள் இன்மையால் வழக்குத் தோற்றது. போட்டியாளரின் நூற்பட்டியல் அட்டைகளுக்கு வாயில் திறந்த அதே ஆண்டில், அண்டைக் கல்லூரியின் மாணவருக்கு வாயில் மூடியே கிடந்தது.

1938இல் டர்ஹாமில் வளர்ந்த பாலி மர்ரி சாப்பல் ஹில்லில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்து, நிறத்தின் காரணமாக மறுக்கப்பட்டார். அவ்வாண்டின் இறுதியில், மிசௌரி மாநிலத்து வழக்கொன்றில், வெள்ளையருக்குச் சட்டக்கல்வி அளிக்கும் மாநிலம் கறுப்பினத்தார்க்கும் மாநிலத்துக்குள்ளேயே அதனை அளிக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதன் விளைவாகச் சாப்பல் ஹில் தன் வாயிலைத் திறக்கவில்லை. மாறாக, கறுப்பினக் கல்லூரியில் 1940இல் தனிச் சட்டப்பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. அதன் தொடக்க ஆண்டுகளில் அண்டைப் பல்கலைக்கழகங்களின் பேராசிரியர் அங்குச் சென்று பாடம் நடத்தினர். புறத்தோற்றத்தில் இது பல்கலைக்கழகக் கூட்டுறவே. ஆசிரியர் பத்து மைல் பயணம் செய்தது மாணவர் அப்பத்து மைலைக் கடக்காதிருத்தற்பொருட்டே என்பதை நோக்கும்போது, கூட்டுறவு தானே வேலியாகவும் அமையக்கூடும் என்பது புலனாகிறது. 1951இல் ஃபிளாய்டு மெக்கிஸிக் முதலியோர் தொடுத்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பே சாப்பல் ஹில் சட்டப்பள்ளியின் வாயிலைக் கறுப்பின மாணவருக்குத் திறந்தது. டியூக் 1960களின் தொடக்கத்தில்தான் அவர்களைச் சேர்க்கத் தொடங்கியது.

இக்காலத்து நிகழ்ச்சி ஒன்று இங்கு நினைவுகூரத்தக்கது. 1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை காலை, டியூக் மருத்துவப் பள்ளியின் கூடைப்பந்தாட்டக் குழுவினர் கறுப்பினக் கல்லூரியின் விளையாட்டரங்குக்குச் சென்றனர். இனப்பிரிவினைச் சட்டங்கள் நிலவிய அக்காலத்தில் இத்தகைய ஆட்டம் இரு தரப்பினர்க்கும் ஆபத்தானது. ஆகவே அரங்கின் கதவுகள் பூட்டப்பட்டன, பார்வையாளர் அனுமதிக்கப்படவில்லை. ஜான் மெக்லெண்டன் பயிற்றுவித்த கல்லூரிக் குழு 88-44 என்னும் புள்ளிக்கணக்கில் வென்றது. பின்னர் இரு குழுவினரும் கலந்து மற்றோர் ஆட்டம் ஆடினர். பல்லாண்டுகள் கழித்தே இச்செய்தி வெளியுலகுக்குத் தெரிந்தது. டியூக்குக்கும் சாப்பல் ஹில்லுக்கும் இடையிலான ஆட்டம் ஊரறிய நடைபெற்றது. இவ்வாட்டத்துக்குப் பூட்டிய கதவு தேவைப்பட்டது. வெளிப்படையாகப் போட்டியிடுவதற்கும் சமநிலை என்னும் ஏற்பு வேண்டும்.

நூலகக் கூட்டுறவில் சென்ட்ரல் பல்கலைக்கழகம் 1990களின் நடுப்பகுதியில் இணைந்தது. 1933ஆம் ஆண்டு முயற்சிக்கும் இதற்கும் இடைப்பட்ட காலம் அறுபது ஆண்டுகள். அணுக்கரு ஆய்வகத்திலும் அது பின்னாளில் உறுப்பினராயிற்று. சட்டத்தடை நீங்கிய பின்னரும் இவ்வளவு காலம் ஏன் கழிந்தது என்னும் வினா எழுகிறது. இக்கூட்டுறவுகள் பரிமாற்றத்தை அடிப்படையாகக் கொண்டவை. பிரேசிலை நீ வாங்கினால் அர்ஜென்டினாவை நான் வாங்குவேன் என்னும் உடன்பாட்டில் இடம்பெற, வாங்கும் ஆற்றல் வேண்டும். நெடுங்காலம் குறைந்த நிதியில் வைக்கப்பட்ட நிறுவனத்திடம் பரிமாறுதற்குரிய பெருந்தொகுதி இருத்தல் அரிது. நேற்றைய புறக்கணிப்பு இன்றைய தகுதியின்மையாகத் தோற்றமளிக்க, சமமானவரிடையே நிகழும் நேர்மையான பரிமாற்றமே ஏற்றத்தாழ்வை நிலைநிறுத்தும் கருவியாகிவிடுகிறது.

இவ்விழப்பு ஒரு நிறுவனத்தோடு நிற்பதன்று. வரலாற்றறிஞர் ஜான் ஹோப் ஃபிராங்க்ளின் 1943 முதல் 1947 வரை இக்கறுப்பினக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றை எழுதிய அவருடைய பெருநூல் 1947இல் வெளிவந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர், அவர் ராலேயிலுள்ள மாநில ஆவணக்காப்பகத்துக்கு ஆய்வாளராகச் சென்றபோது, வெள்ளையரோடு அமரவொட்டாது அவருக்குத் தனியறை ஒதுக்கப்பட்டது. அதே ஃபிராங்க்ளின் 1980களின் தொடக்கத்தில் தேசிய மானுடப் புலங்கள் மையத்தில் மூத்த ஆய்வறிஞராக அமர்ந்தார். பின்னர் டியூக் பல்கலைக்கழகத்தில், அப்பல்கலைக்கழகத்தின் கொடையாளர் பெயரால் அமைந்த பேராசிரியர் பதவியை வகித்தார். நிலமும் தொலைவும் மாறவில்லை. அயலார் என்னும் சொல்லின் பொருளே மாறியது.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் கருத்துகள் பின்வருமாறு தொகுத்துரைக்கத்தக்கன:

1. அண்டைப் பல்கலைக்கழகங்களிடையே போட்டியும் கூட்டுறவும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. தன்னடையாளத்துக்குரிய களங்களில் போட்டி தொடர, தனித்து அடைய இயலாத களங்களில் கூட்டுறவு நிலைபெறுகிறது.

2. செலவைக் குறைத்தற்பொருட்டு மட்டும் தோன்றும் கூட்டுறவு, செலவு குறையும்போது கலைகிறது. ஒன்றையொன்று சார்ந்து வளரும் கூட்டுறவே நீடிக்கிறது. ஒரு பல்கலைக்கழகம் அண்டையாரை நம்பி எதனை வாங்காமல் விடுகிறது என்பதே அதன் கூட்டுறவின் உண்மையான அளவாகும்.

3. ஒருவரது வளாகத்துக்குள் அடங்காத பொதுநிலமும், இலாப நோக்கற்ற பொதுப்பொறுப்பும் போட்டியாளரிடையே நம்பிக்கையை வளர்த்தன.

4. மேலிருந்து விதிக்கப்பட்ட பங்கீடு செலவைக் குறைத்தும் கசப்பை விளைத்தது. துறையின் இயல்புக்கேற்ப எழுந்த பங்கீடு புதிய ஆய்வுகளுக்கு வழிவகுத்தது.

5. பரிமாற்றத்தை மட்டும் அடிப்படையாகக் கொண்ட கூட்டுறவு, பரிமாறுதற்கு ஒன்றும் இல்லாதவராக ஆக்கப்பட்டோரைப் புறத்தே நிறுத்தும். ஆகவே எவை பகிரப்பட்டன என்பதோடு, பகிர்வை முடிவு செய்த அவையில் யார் அமர்ந்திருந்தனர் என்பதும் வினவப்பட வேண்டும்.

டர்ஹாமிலிருந்து சாப்பல் ஹில்லுக்குச் சென்ற நூற்பட்டியல் அட்டைக்கும், அதே ஊரிலிருந்து அதே வளாகத்துக்கு விண்ணப்பித்த மாணவருக்கும் 1933இல் தொலைவு ஒன்றே. அட்டை சென்று சேர்ந்தது; மாணவர் திருப்பி அனுப்பப்பட்டார். அண்மை தானாக அயலாரை உறவாக்குவதில்லை என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.